வீங்காத கை

கோத்தகிரி
9 ஜூலை 2024

அன்புள்ள சத்யா,

இதைப் பிரிக்காமலே அலமாரியில் போட்டுவிடுவாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மடத்தில் எங்களுக்கு மாதம் ஒரு ஞாயிறு போன் உண்டு. எங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மிஸ்ட்ரஸ் சிஸ்டரின் அறையில், பின்னால் மற்ற நவகன்னியர் வரிசையில் நிற்க, பேச வேண்டும். போன தடவை அப்பா எடுத்தார். என் குரலைக் கேட்டதும் "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார். எனக்குப் பின்னால் நின்ற பெண், "இன்னொரு தடவ போட்டுப் பாருங்க சிஸ்டர், தப்பா அழுத்தியிருப்பீங்க" என்றாள். நான் போடவில்லை.

அம்மாவின் முதலாண்டு நினைவுப் பூசை முடிந்த மறுநாள் நான் கிளம்பி வந்ததை நீங்கள் இருவரும் மன்னிக்கவில்லை என்று தெரியும். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வார்த்தை வரவில்லை.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். இங்கே குருக்களின் பூசை உடைகளுக்கு ஆரி வேலை செய்கிறோம். வலது கை சட்டத்துக்கு மேலே ஊசியைப் பிடிக்கும், இடது கை அடியில் நூலைக் கொடுக்கும். போன வாரம் சட்டத்தின் மேல் இரண்டு கைகளையும் வைத்துப் பார்த்தபோது வலது கை பெரிதாகத் தெரிந்தது. முழங்கைக்குக் கீழே வித்தியாசம் நன்றாகவே இருக்கிறது. வலி இல்லை. பெரிய அத்தைக்குக் கால் அப்படித்தானே ஆரம்பித்தது? கொஞ்சம் கொஞ்சமாக, வலி இல்லாமல்?

வருகிற மே மாதம் எனக்கு முதல் வார்த்தைப்பாடு, கன்னியாஸ்திரியாக உறுதிமொழி எடுக்கும் நாள். அதற்கு முன் டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். யானைக்கால் என்று வந்துவிட்டால் என்ன செய்வார்களோ தெரியாது. யாரிடமும் சொல்லாமல் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்கிறேன்.

மற்றபடி நலம். குளிர்தான் ஆகவில்லை. விடியற்காலைச் செபத்துக்குப் போகும்போது இடது கை விரல்கள் நிமிர மாட்டேன் என்கின்றன. வெந்நீரில் வைத்தால் சரியாகிவிடும்.

ஜெசிந்தா


பம்மல்
24 ஜூலை 2024

அக்கா,

பிரித்தேன். அலமாரியில் இடமில்லை. உன் கட்டிலிலும் இல்லை, அங்கே இப்போது அப்பாவின் காக்கிச் சட்டைகள் கிடக்கின்றன.

நீ கடவுளிடம் போனாய், நான் அப்பாவிடம் இருக்கிறேன். இரண்டும் ஊழியம்தான் என்று பங்குச்சாமி சொன்னார். உன்னுடையதற்குப் பூமாலை உண்டு என்று நான் சொல்லவில்லை, நினைத்துக்கொண்டேன்.

மேடவாக்கம் அபார்ட்மெண்ட் ஆபீஸ் வேலை அப்படியே போகிறது. தண்ணீர் லாரிக்குப் போன் செய்வது, லாரி ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது. உன் கடிதம் வந்ததிலிருந்து மனிதர்களின் கைகளையே பார்க்கிறேன். யாருக்கும் இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை. லாரி டிரைவருக்கு ஜன்னல் பக்கக் கை கறுத்துப் பருத்திருக்கிறது. பி பிளாக்கில் குழந்தையை எப்போதும் ஒரே இடுப்பில் வைத்திருக்கும் பெண், குழந்தை இல்லாதபோதும் அந்தப் பக்கம் சாய்ந்தே நிற்கிறாள். நம் அப்பாவையே எடுத்துக்கொள். ஷேர் ஆட்டோவில் இடது பக்கம் ஆள் ஏற்றி ஏற்றி, வலது ஓரத்தில் ஒண்டி உட்கார்ந்து, வீட்டு நாற்காலியிலும் ஒரு ஓரமாகத்தான் உட்காருகிறார். எழுதுகிற, தைக்கிற கை கொஞ்சம் பெரிதாக இருப்பது பெரிய அதிசயமில்லை என்றுதான் உனக்கு எழுதியிருப்பேன்.

ஆனால் அப்பா கேட்டார்.

"யாரு லெட்டரு?"

"அக்கா."

டீ முழுவதையும் குடித்துவிட்டு, "இன்னாவாம்?" என்றார்.

"வலது கை பெருசாயிருக்காம்."

"எங்க அக்காவுக்குக் காலு இப்டிதான் ஆச்சு. சாக்கடையாண்ட வளந்த புள்ள. இங்க கட்ச்ச கொசு, அங்க போய் வேலயக் காட்டுது."

மறுநாள் மேசை மேல் ஒரு பை. தெரிந்த மெடிக்கலில் வாங்கிய யானைக்கால் மாத்திரையும், கையில் சுற்றும் கிரேப் பேண்டேஜும். சுவரைப் பார்த்துச் சொன்னார்: "அட்ரஸ் தெர்ஞ்சவங்க யாராச்சும் இருந்தா அனுப்பிவுடுங்க. கைய இறுக்கிக் கட்டி, தொங்கப்போடாம வச்சிக்கணும்."

வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். அட்ரஸ் தெரிந்தவள் அனுப்பியிருக்கிறேன். அவர் ஒன்றரை வருடமாக உன்னைப் பற்றிப் பேசியது இவ்வளவுதான். அதனால் போட்டுக்கொள்.

சத்யா


கோத்தகிரி
6 அக்டோபர் 2024

அன்புள்ள சத்யா,

மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள்கிறேன். தலை சுற்றுகிறது, ஆனாலும் நிறுத்தவில்லை. அப்பா அனுப்பியது என்பதால், விழுங்கும்போது ஏதோ அவரோடு பேசுவதுபோல இருக்கிறது.

பேண்டேஜ் கட்டிய பிறகு மறைக்க முடியவில்லை, மிஸ்ட்ரஸ் சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். வலது கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார்கள். ஆரி வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். பெருக்குவது, வாளி தூக்குவது, காய்கறிக் கூடை எல்லாம் இப்போது இடது கையால்தான். பழக்கமில்லாத கை, சீக்கிரம் களைத்துவிடுகிறது. நேற்று சாப்பாட்டு மேசையில் டம்ளரை எடுத்தபோது விரல்கள் நடுங்கின. சினேகா சிஸ்டர், "புதுப் பொண்ணு மாதிரி ஏன் நடுங்குறீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஆனால் வித்தியாசம் குறையவில்லை. கூடியிருக்கிறது என்றே தோன்றுகிறது. பேண்டேஜை இன்னும் இறுக்கிக் கட்டுகிறேன்.

சர்டிபிகேட்டை நினைத்தால்தான் பயம். மிஸ்ட்ரஸ் சிஸ்டர் கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் சொன்னார்கள்: "உடம்பு ஒத்துழைக்கணும்மா. ஆசை மட்டும் பத்தாது." என்னைத் திருப்பி அனுப்பினால் நான் எங்கே போவேன் என்று கேட்டுப் பார்க்கிறேன். வீடு இருக்கிறது, நீ இருக்கிறாய். ஆனால் அம்மா போன பிறகு அந்த வீட்டில் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியும். என் தலைக்குள் ஒரு இரைச்சல் ஓயாமல் இருந்தது. ஒரு நாள் பம்மல் கோயிலில் முன் பெஞ்சில் நெற்றியை வைத்துக் குனிந்தபோது முதல்முறையாக அது நின்றது. குனிந்தபடியே இருந்தேன். கோயில் பூட்டுகிறவர் வந்து எழுப்பினார். நான் இங்கே வந்தது அதற்காகத்தான், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. இங்கே நாங்கள் நீண்ட நேரம் தலை குனிந்து இருக்கிறோம். அந்த நேரத்தில் கையைப் பற்றிய நினைவே வருவதில்லை.

இதை அப்போதே உன்னிடம் சொல்லியிருக்கலாம்.

ஜெசிந்தா


பம்மல்
17 நவம்பர் 2024

அக்கா,

சொல்லியிருக்கலாம். அதே வீட்டில் அடுத்த பாயில் நானும் தூங்காமல்தான் படுத்திருந்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. ராஜகீழ்ப்பாக்கத்தில் பஸ் நின்றுவிட்டால் புத்தகத்தைப் பிரித்துக்கொள்கிறேன். உடம்பைப் பற்றிய புத்தகம் ஒன்று படிக்கிறேன். உள்ளே போகப் போக நாம் இன்னும் கோணல்தானாம். இதயம் ஒரு பக்கம், ஈரல் ஒரு பக்கம், நுரையீரலில்கூட ஒரு பக்கம் மூன்று மடல், மறுபக்கம் இரண்டு. ஒரு கால் கொஞ்சம் குட்டையாக இருந்தால் இடுப்பு ஒரு பக்கம் இறங்கி, முதுகெலும்பு அதைச் சரிக்கட்ட வளைந்து, கடைசியில் தோள் ஏறிவிடுகிறதாம். ஆனால் பிறவியில் இருப்பது, பழக்கத்தில் வருவது எதுவும் மாதத்துக்கு மாதம் மாறாது என்று எழுதியிருக்கிறது. உன்னுடையது மாறுகிறது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பா, "அந்த மாத்ர போய்ச் சேந்துச்சாமா?" என்றார். சேர்ந்தது என்றேன். "கொறஞ்சுதாமா?" என்றார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஜனவரியில் உங்களுக்கு வீட்டு விடுமுறை உண்டாமே. வா. அத்தையைப் பார்த்த தாம்பரம் ஆஸ்பத்திரியில் காட்டலாம்.

சத்யா


கோத்தகிரி
15 டிசம்பர் 2024

அன்புள்ள சத்யா,

வருகிறேன். நேற்று இடது கையால் ஜாக்கெட் ஊக்கைப் போட முடியவில்லை. அப்பா வீட்டில் இருக்கும்போது வரட்டுமா, இல்லாதபோதா?

ஜெசிந்தா


பம்மல்
2 பிப்ரவரி 2025

அக்கா,

விடுமுறை முடிந்து நீ கிளம்பியபோது, இரண்டாவது ஸ்கேன் முடிவு இன்னும் வந்திருக்கவில்லை. டாக்டர் கழுத்துக் காலரை மாட்டி அனுப்பியதோடு சரி. நீ இங்கே இருந்தவரை உன்னோடு பேசாத அப்பா, நீ போன பிறகு என்னோடு முடிவைப் பார்க்க வந்தார். அங்கே நடந்ததை எழுதுகிறேன்.

முதல் நாள் நடந்தது உனக்கு நினைவிருக்கும். ட்யூட்டி டாக்டர் உன் கைகளை நீட்டச் சொல்லிவிட்டு, நரம்பு டாக்டர் ரோஹிணியிடம் அனுப்பினார். அவர் "எந்தக் கை வீங்கியிருக்கு?" என்றார். நீ பேண்டேஜ் கட்டிய கையை நீட்டினாய். அவர் அதை அவிழ்த்து, அமுக்கிப் பார்த்து, கீழே வைத்துவிட்டார். "இது நல்ல கைம்மா." பிறகு உன் இடது கையை எடுத்து வெகுநேரம் வைத்திருந்தார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை இருந்த இடம் குழிந்திருந்தது. நாம் எல்லோரும் பெரிய கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இது சிறிதாகிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எடுத்த முதல் ஸ்கேனில் ஒன்றும் இல்லை. நேராகப் படுக்கவைத்து எடுத்தது. அதனால்தான் உன்னைத் தலை குனியவைத்து, அடியில் தலையணை கொடுத்து மறுபடி எடுத்தார்கள். அதில் தெரிந்துவிட்டது. நரம்புத் தண்டைச் சுற்றி ஒரு உறை இருக்கிறதாம். சிலருக்கு, வளரும் வயதில் எலும்பு நீளும் அளவுக்கு உறை நீள்வதில்லை. நிமிர்ந்திருக்கும்வரை தொந்தரவு இல்லை. குனிந்தால் உறை இழுபட்டு, தண்டை முன்னால் இருக்கும் எலும்போடு சேர்த்து அழுத்துகிறது. திரும்பத் திரும்ப அழுந்தினால் கைக்குப் போகும் நரம்பு செத்துவிடுகிறது. பெரும்பாலும் வாலிபப் பையன்களுக்கு வருமாம், பெண்களுக்கு அபூர்வம். குளிரில் விரல் நிமிராததும் இதனால்தான்.

"எந்நேரமும் குனிஞ்சிருப்பாங்களா?" என்றார் டாக்டர்.

"மடத்துல இருக்காங்க. எம்பிராய்டரி. அப்புறம் செபம்."

ஸ்கேன் படத்தை உறைக்குள் வைத்தபடி சொன்னார்: "சாமியக் குறை சொல்லல. போன் பாக்குற பசங்களுக்கும்தான் வருது. ஆனா இனிமே குனியக் கூடாது. சில வருஷம் காலர் போடணும். ஒரு கட்டத்துல தானா நின்னுடும். போனது வராது, இருக்கிறது நிக்கும்."

"ஏன் ஒரு கை மட்டும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் சமமா அழுந்துறதில்ல. ஏதோ ஒரு பக்கம் கொஞ்சம் கூட. ஏன் அந்தப் பக்கம்னு கேட்டா எனக்குத் தெரியாது."

அப்பா சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். காலி அட்டை. நீ வீட்டில் போட்டுவிட்டுப் போனதை எடுத்து வைத்திருந்திருக்கிறார். "டாக்டரம்மா, அப்ப இது?"

"இது தேவையே இல்லீங்க. இதால பெரிய கெடுதல் இல்ல. ஆனா இத நம்பி ஆறேழு மாசம் போயிடுச்சு. அப்பவே காலர் போட்டிருந்தா இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்."

அப்பா அட்டையைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்று வண்டி எடுக்கவில்லை. பல்லாவரம் வரை இன்னொருவர் ஷேர் ஆட்டோவில் வந்தோம். அந்த டிரைவர், "இன்னா சவுரி அண்ணே, இன்னிக்குப் பாசஞ்சரா?" என்று கிண்டல் செய்தார்.

காலரைக் கழற்றாதே. அறிக்கையின் நகலை மிஸ்ட்ரஸ் சிஸ்டருக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

சத்யா


கோத்தகிரி
16 மார்ச் 2025

அன்புள்ள சத்யா,

அவர்கள் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. வார்த்தைப்பாட்டை ஒரு வருடம் தள்ளி வைத்திருக்கிறார்கள். நூலக வேலை கொடுத்திருக்கிறார்கள். மிஸ்ட்ரஸ் சிஸ்டர் என் காலரைத் தொட்டுப் பார்த்து, "தாழ்ச்சி கழுத்துலயா இருக்கு? நிமிர்ந்து உக்காந்து செபம் பண்ணு" என்றார்கள். நான் பயந்ததற்கு மாறாக எல்லோரும் நல்லவர்களாக இருக்கிறார்கள்.

சிற்றாலயத்தில் எல்லாத் தலைகளும் குனியும்போது என் தலை மட்டும் நிமிர்ந்திருக்கிறது. மற்றவர்களின் பிடரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யாருக்குத் தூக்கம், யார் அழுகிறார்கள் என்று தெரிகிறது. காவலுக்கு உட்கார்ந்தவள் போல இருக்கிறேன். வார்த்தைகளைச் சொல்கிறேன். இரைச்சல் திரும்ப வந்துவிட்டது.

இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். மற்றவர்கள் போன பிறகு நான் அங்கேயே இருந்து காலரைக் கழற்றுகிறேன். ஒட்டுப்பட்டை பிரியும் சத்தம் அந்த இடத்தில் பெரிதாகக் கேட்கிறது. பிறகு குனிகிறேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதே. உள்ளே நரம்பு அழுந்துவது எனக்குத் தெரிவதில்லை, வலியே இல்லை. அமைதியாக இருக்கிறது.

கை போனால் போகட்டும் என்று எழுத எனக்கு வரவில்லை. ஆனால் அங்கே இருக்கும்போது அப்படித்தான் இருக்கிறது. அப்பாவிடம் சொல்லாதே.

ஜெசிந்தா


பம்மல்
27 மார்ச் 2025

அக்கா,

சொல்லிவிட்டேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். "மாத்ர குட்த்து ஒரு பாதிய நான் வாரிட்டேன். மிச்சத்த அது குனிஞ்சி வாரிக்கப்போவுதா?" என்று மெதுவாகக் கேட்டார். என்னைக் கேட்கவில்லை. பிறகு தாம்பரத்தில் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். இந்தக் கடிதம் அவர் பையில்தான் வருகிறது. உன்னை வீட்டுக்குக் கூப்பிட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அங்கே வந்து மனம் மாறினால் நான் பொறுப்பில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். டாக்டர் அன்று "போனது வராது" என்று சொன்னபோது, அப்படியானால் உன்னை மடத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், நீ வந்துவிடுவாய் என்று ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது போயிற்று. நீ அங்கே ரகசியமாகக் குனிவதைப் படித்தபோது உன்மேல் கோபப்பட எனக்கு என்ன தகுதி என்று யோசித்தேன். தகுதி இல்லாமலே கோபமாக இருக்கிறேன். உனக்கு அமைதி கிடைக்கும் ஒரே இடம் உன் கையைத் தின்கிறது என்றால், அந்த அமைதியை நான் எப்படி நல்லது என்று சொல்வேன்? கெட்டது என்றும் சொல்லத் தெரியவில்லை. எனக்கு அப்படி ஒரு இடம் கிடைத்ததே இல்லை.

சத்யா


கோத்தகிரி
13 ஏப்ரல் 2025

அன்புள்ள சத்யா,

அப்பா வந்தார். பார்வையாளர் அறையில் நாற்காலியின் வலது ஓரத்தில் ஒண்டி உட்கார்ந்திருந்தார். சிஸ்டர்கள் கொடுத்த கேக்கைச் சாப்பிடவில்லை, காகிதத்தில் மடித்து உனக்கு என்று வைத்துக்கொண்டார். மாத்திரையைப் பற்றிப் பேசவில்லை. நான் வீட்டைவிட்டு வந்ததைப் பற்றியும் பேசவில்லை. "குளுரு ஓவராக்கீதே" என்றார். "ஆமாம்பா" என்றேன்.

பிறகு அவருடைய ஆள்காட்டி விரலை நீட்டி, "அந்தக் கையால புடி" என்றார்.

பிடித்தேன்.

"புடிம்மா."

"புடிச்சுக்கினுதான் இருக்கேன்பா."

அவர் குனிந்து பார்த்தார். என் விரல்கள் அவர் விரலைச் சுற்றித்தான் இருந்தன. அவருக்கு அந்தப் பிடியின் அழுத்தம் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, "ஆங், இப்பத் தெரிது" என்றார். அது பொய் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டார்.

அன்றிலிருந்து காலரைக் கழற்றவில்லை. மற்றவர்கள் எழுந்து போகும்போது நானும் அவர்களோடு வந்துவிடுகிறேன். போனதைத் தவிர மீதி அப்படியே இருக்கிறது, மேற்கொண்டு குறையவில்லை என்று இங்கே வரும் டாக்டர் சொல்கிறார். செபம் வரவில்லை. வரவழைக்க முயன்று பார்த்தேன், இப்போது முயல்வதும் இல்லை. பீடத்தை நேராகப் பார்த்துக்கொண்டு, நேரம் முடியும்வரை உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த வருடம் வார்த்தைப்பாடு கொடுக்கும்போது என்ன சொல்லுவேன் என்று எனக்குத் தெரியவில்லை.

காலர் கழுத்திலேயே இருக்கிறது என்பதை மட்டும் அப்பாவிடம் சொல். மற்றதை நீ வைத்துக்கொள்.

ஜெசிந்தா